சிறுவர் எலும்பு மிச்சங்களின் வயதைப் பல்லிலிருந்து கணிப்பது: மட்டக்களப்பு, அம்பாறையில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போதோ, கடற்கரை மணல் அரித்துக்கொண்டு போகும்போதோ ஒரு சின்னத் தாடை எலும்பு வெளியே வருகிறது. பொலிஸ் வருகிறது, நீதவான் வருகிறார், எலும்பு சட்ட வைத்திய அதிகாரியின் மேசைக்கு வந்துசேர்கிறது. உடனே எழும் கேள்வி: பிள்ளைக்கு என்ன வயது? அந்தப் பதிலை வைத்துத்தான் காணாமற்போனவர்களின் பட்டியலில் எந்தப் பெயர்களைப் பார்ப்பது என்று முடிவெடுப்பார்கள். நீங்கள் வயதைத் தேவைக்கு மேல் நெருக்கி எழுதினால், சரியான பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஒரு தாய் இன்னும் பல வருடம் காத்திருப்பார். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தப் பயத்தோடே எழுதியிருக்கிறோம்.

சட்ட வைத்திய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த வைத்தியர்களுக்கும், "ஒருக்கா வந்து இந்தப் பல்லைப் பாருங்க" என்று திடீரென்று அழைக்கப்படும் பல் வைத்தியர்களுக்கும், அகழ்விடத்தில் உதவிக்கு நிற்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

1. கை வைக்க முதல் கையில் இருக்க வேண்டிய கடதாசிகள்

நீதவானின் எழுத்துமூலக் கட்டளை இல்லாமல் தோண்டவும் வேண்டாம், ஏற்கெனவே வெளியே வந்ததை எடுக்கவும் வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் கீழ்தான் மரண விசாரணையும் உடலைத் தோண்டியெடுப்பதும் நடக்கும். எந்த நீதிமன்றம் என்பதை இடம்தான் தீர்மானிக்கும். பெரியகல்லாறு என்றால் களுவாஞ்சிக்குடி, மருதமுனை என்றால் கல்முனை. மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர்களில் இதில் பிழை விட்டால் கட்டளையை மறுபடி எடுக்க வேண்டி வரும், நாட்கள் வீணாகும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: நீதவானின் கட்டளைப் பிரதி, பொலிஸின் ஒப்படைப்புக் கடிதம், இடத்தின் படமும் அளவு வரைபடமும், ஒவ்வொரு பொதிக்கும் இலக்கமிட்ட பட்டியல், கை மாறும்போதெல்லாம் திகதியும் நேரமும் கையொப்பமும். எக்ஸ்ரே எடுக்க எலும்பை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோவதும் கை மாறுவதுதான். இதைப் பதிய மறப்பவர்கள்தான் அதிகம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களோடு தொடர்புடைய இடம் என்ற சந்தேகம் இருந்தால், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அகழ்வைக் கவனிக்க உரிமை உண்டு. முதல் நாளே அறிவியுங்கள். எலும்போடு பழைய மட்பாண்டங்களோ மணிகளோ வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்தைக் கூப்பிட வேண்டும்.

2. எப்போது தோண்டுவது, எதால் அரிப்பது

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் ஒடுக்கத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் குழி நீரால் நிறையும், சின்னப் பற்கள் சேற்றோடு போய்விடும். அவசரம் இல்லாத வேலையை வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குள் தோண்டியே ஆகவேண்டும் என்றால் நீரிறைக்கும் பம்பின் வாய்க்கும் அரிதட்டுப் பிடியுங்கள்.

கண் பெரிய அரிதட்டு ஒன்றால் மட்டும் அரிப்பது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பிறக்கும் தறுவாயில் உள்ள சிசுவின் பல் முளைகள் சில மில்லிமீற்றர்தான் இருக்கும். மேலே 5 மி.மீ., அதன் கீழ் 1 மி.மீ. கண்ணுள்ள அரிதட்டு என்று இரண்டடுக்கு வையுங்கள். கடற்கரை மணலை உலர்வாகவே அரிக்கலாம். படுவான்கரை வயற்களியும் அம்பாறைப் பக்கத்துக் களியும் உலர்ந்தால் கல்லாகிவிடும், அதை வாளியில் ஊறவைத்துத் தண்ணீரால் மெல்ல அரிக்க வேண்டும். ஒரு சிறு குழியின் களியை அப்படி அரிக்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

இன்னொரு பொறி நம் கரைக்கே உரியது. வேர் தொடங்காத பல்லின் முடி, அதாவது வேருக்கு மேலுள்ள எனாமல் மூடிய பகுதி, உள்ளே வெறுமையான ஒரு தொப்பிபோல இருக்கும். மட்டி, சிப்பித் துண்டுகளோடு கலந்து கிடந்தால் கண் ஏமாறும். அதிலும் இளம் கடைவாய்ப்பல்லின் கூர்கள் (கடிக்கும் பக்கத்து மேடுகள்) ஒன்றோடொன்று சேராமல் தனித்தனித் துணுக்குகளாகவே வரும். சந்தேகமானதை எறியாதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: சிப்பியில் படைபடையாகக் கோடு தெரியும், எனாமலில் கண்ணாடிப் பளபளப்பும் கூரை நோக்கி ஏறும் மேடும் தெரியும். தாடை எலும்பின் கீழும் வாய்ப் பக்கத்திலும் உள்ள மண்ணைத் தனிப் பையில் எடுங்கள். உதிர்ந்த பல் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும்.

ஒரு வயதுக்கு முன்னர் கீழ்த்தாடை நடுவில் பொருந்தியிருக்காது, இரண்டு பாதியாக வரும். ஒரு பாதிதான் கிடைத்தது என்றால் மற்றதைத் தேடுங்கள். அவை இரண்டு பிள்ளைகளுடையவை என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

3. கழுவுதல், உலர்த்துதல், பொதி செய்தல்

மென்மையான பற்தூரிகையும் சாதாரணத் தண்ணீரும் போதும். வெளுக்கும் திரவம், அமிலம், கொதிநீர் எதுவும் வேண்டாம். வெயிலில் காயவைத்தால் எனாமல் வெடித்துச் செதிலாகக் கழலும். நிழலில், காற்றோட்டத்தில், இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறை நல்லது. பல்லின் மேல் எழுத வேண்டாம், உறையில் எழுதுங்கள்.

தாடையிலிருந்து ஒரு பல் தளர்ந்திருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். எந்தக் குழிக்குரியது என்று படமெடுத்து, தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணுச் சோதனைக்காகக் குறைந்தது ஒரு கடைவாய்ப்பல்லைக் கழுவாமல், கையுறையோடு எடுத்து ஒதுக்கி வையுங்கள். அதையும் முதலில் படமும் எக்ஸ்ரேயும் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும், ஏனென்றால் சோதனையில் பல் அரைபட்டுப்போகும்.

4. ஒவ்வொரு பல்லும் எது என்று அடையாளம் காண்பது

அவசரமாகச் செய்யக்கூடாத படி இது. இங்கே ஒரு பல் பிழைத்தால் வயதில் சில வருடங்கள் பிழைக்கும்.

எல்லாப் பல்லுக்கும் இரண்டிலக்க எண் போடுங்கள்: முதல் இலக்கம் வாயின் எந்தக் காற்பகுதி என்பது, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. நிலையான பற்கள் 11 முதல் 48 வரை, பாற்பற்கள் 51 முதல் 85 வரை. பாற்பற்கள் மொத்தம் 20. அவற்றில் முன்கடைவாய்ப்பல் கிடையாது.

அதிகம் குழப்புவது இரண்டாம் பாற்கடைவாய்ப்பல்லும் முதலாம் நிலையான கடைவாய்ப்பல்லும். கூர்களின் அமைப்பில் இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும். பாற்பல் சிறியது, கழுத்தில் திடீரென்று ஒடுங்கும், எனாமல் மெல்லியது, நிறம் கூடுதலாக வெண்மை, வேர்கள் வெளியே விரிந்து நிற்கும். தாடையில் இருக்குமானால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த குழப்பம் வேர் பற்றியது. குட்டையான வேரைக் கண்டால் அது இன்னும் வளராத வேரா, விழுவதற்காகக் கரைந்த வேரா? வளரும் வேரின் விளிம்பு கத்திபோல மெல்லியதாக, சுற்றிவர ஒரே மட்டத்தில் புனல்போல் விரிந்திருக்கும். கரைந்த வேரின் விளிம்பு தடித்து, எறும்பு தின்றதுபோலக் குண்டும் குழியுமாக, ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கும். முதலாவதை இரண்டாவதாக எடுத்தால் இரண்டு வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையாகிவிடும்.

பிறகு வெறும் குழிகள். விளிம்பு கூராக இருந்தால் பல் இறப்புக்குப் பின் விழுந்தது. குழி எலும்பால் நிரம்பி மழுங்கியிருந்தால் உயிரோடு இருக்கும்போதே பல் போய்விட்டது. உருண்டையான, மேலே சிறு துவாரமுள்ள அறை என்றால் அங்கே முளைக்காத பல் இருந்தது, அதை மண்ணில் தேடுங்கள்.

பல பிள்ளைகளின் எலும்புகள் கலந்திருந்தால் 36 (கீழ் இடது முதலாம் நிலையான கடைவாய்ப்பல்) எத்தனை, 75 (கீழ் இடது இரண்டாம் பாற்கடைவாய்ப்பல்) எத்தனை என்று எண்ணுங்கள். ஒரே பல் இருமுறை வந்தால் குறைந்தது இரண்டு பிள்ளைகள். அதோடு, வளர்ச்சி நிலை பொருந்தாத இரண்டு பற்கள் ஒரே வாய்க்குரியவையாக இருக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

5. எக்ஸ்ரே

கண்ணால் பார்த்து மட்டும் வயது எழுதாதீர்கள். பிள்ளையின் வயதைச் சொல்லும் பற்களில் பாதிக்கு மேல் எலும்புக்குள் ஒளிந்திருக்கும்.

பல் சிகிச்சைப் பிரிவில் உள்ள சிறு படச் சாதனமே போதும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. செலவு நேரத்தில்தான்: நோயாளர்கள் முடிந்த பிறகு, பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள். எலும்பை மேசையில் பிளாஸ்ரிசினாலோ மெழுகாலோ நிறுத்தி, படத்தகடு பல்லின் நீளத்துக்குச் சமாந்தரமாகவும் கதிர் அதற்குச் செங்குத்தாகவும் இருக்கும்படி வையுங்கள். சாய்ந்தால் வேர் நீண்டோ குறுகியோ தெரியும். முகத்தின் தசை இல்லாததால் நோயாளிக்கு வைக்கும் நேரம் அதிகமாகி, படம் கறுத்துவிடும். பாதி நேரத்தில் தொடங்கிப் பாருங்கள். வாய் முழுவதையும் சுற்றி எடுக்கும் பெரிய இயந்திரத்தில் உலர்ந்த தாடையைச் சரியாக நிறுத்துவது கடினம், தாடையின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுப்பதே தெளிவு.

தனியாகக் கிடைத்த பல்லுக்கு இரண்டு பக்கமிருந்தும் படம் எடுங்கள். வேர் நுனி மூடியதா என்பது ஒரு பக்கப் படத்தில் ஏமாற்றும்.

6. எந்த முறையைக் கையாள்வது

மூன்று கருவிகளை வைத்துக்கொண்டால் பெரும்பாலான வழக்குகளுக்குப் போதும்.

முதலாவது, 2010இல் வெளிவந்த லண்டன் அட்லஸ் என்ற பல் வளர்ச்சிப் படத்தொகுப்பு. கருவின் 28ஆம் வாரத்திலிருந்து 23 வயது வரை படங்களாக உண்டு, இலவசமாகவே கிடைக்கும். உங்கள் எக்ஸ்ரேயை அருகில் வைத்து எந்தப் படத்துக்கு நெருங்குகிறது என்று பார்க்கலாம். ஆண், பெண் தெரியாமலே பாவிக்கலாம் என்பதால் எலும்பு மிச்சங்களுக்கு முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இரண்டாவது, மூரிஸ், பானிங், ஹன்ற் மூவரும் 1963இல் தந்த பல் வளர்ச்சி நிலைகள். ஒரேயொரு பல்தான் கிடைத்தது என்றால் இதுதான் கைகொடுக்கும், ஒவ்வொரு பல்லையும் தனியாக மதிப்பிடலாம். பாற்பற்களுக்கும் உண்டு.

மூன்றாவது, 1973இன் டெமிர்ஜியன் முறை. கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு பற்களுக்கு ஏ முதல் எச் வரை எட்டு நிலைகளில் புள்ளி போடுவது. இடது பல் இல்லையென்றால் வலது பல்லைப் பார்க்கலாம். ஆனால் இது பிரெஞ்சு கனேடியப் பிள்ளைகளை வைத்து உருவானது, தெற்காசியப் பிள்ளைகளில் வயதைக் கூட்டிக் காட்டுவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி அட்டவணை வேறு. சிறு பிள்ளையின் எலும்பில் ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு அட்டவணையிலும் பார்த்து, கிடைக்கும் இரண்டு வயதையும் உள்ளடக்கி எழுதுங்கள்.

இரண்டு முறை இரண்டு விடை தந்தால் கூட்டி இரண்டால் பிரிக்காதீர்கள். ஏன் வேறுபடுகிறது என்று பற்களுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு பல்லை மாற்றி அடையாளம் கண்டிருப்பீர்கள் என்பதே அனேகமாகக் காரணமாக இருக்கும்.

7. மனதில் இருக்க வேண்டிய மைல்கற்கள்

அட்டவணையைத் திறக்க முதல் கீழே உள்ளவை தலையில் இருந்தால் பெரிய பிழைகள் உடனே தட்டுப்படும்.

பிறக்கும்போது: பாற்பற்கள் எல்லாமே கருவில் சுண்ணாம்பு ஏறத் தொடங்கியிருக்கும். முதலாம் நிலையான கடைவாய்ப்பல்லின் கூர் அப்போதுதான் புள்ளியாகத் தெரியும்.

ஒரு வயதளவில்: பாற்பற்களின் முடிகள் முடிந்திருக்கும், வேர்கள் வளர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டரை முதல் மூன்று: முதலாம் கடைவாய்ப்பல்லின் முடி முடியும், இரண்டாவது கடைவாய்ப்பல் தொடங்கும். பாற்பற்களின் வேர்கள் ஏறத்தாழப் பூர்த்தி.

ஆறு, ஏழு: முதலாம் கடைவாய்ப்பல் வாய்க்கு வரும், கீழ் நடு வெட்டும் பல் மாறும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் சிரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது, பத்து: முதலாம் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி மூடும்.

பதினொன்று முதல் பதின்மூன்று: இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கும். பதினான்கு முதல் பதினாறில் அதன் வேர் முடியும்.

ஞானப்பல்லை நம்ப வேண்டாம். பலருக்கு அது உருவாவதே இல்லை. அது இல்லை என்பதால் சின்னப் பிள்ளை என்று எழுதியவர்கள் உண்டு.

முளைப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தாய் "பல் முளைச்சிட்டு" என்று சொல்வது முரசை (ஈறை) கிழித்து வெளியே தெரிந்த நாளை. உலர்ந்த எலும்பில் நீங்கள் காண்பது எலும்பைத் தாண்டிய பல்லை. அது அதற்கு முந்திய கட்டம். லண்டன் அட்லஸ் எலும்பு மட்டத்தை வைத்தே வரையப்பட்டது, பல அட்டவணைகள் முரசு மட்டத்தை வைத்தவை. இரண்டையும் கலந்தால் வயது பிசகும். முடிந்தவரை முளைப்பைவிட வேர் வளர்ச்சியையே நம்புங்கள். பாற்பல் சூத்தையாகி முன்கூட்டியே பிடுங்கப்பட்டிருந்தால் அதன் கீழுள்ள பல் முந்தியோ பிந்தியோ முளைக்கும், ஆனால் அதன் வேர் தன் காலத்தில்தான் வளரும்.

இறந்தே பிறந்த சிசுவா, உயிரோடு சில நாள் இருந்ததா என்று நீதிமன்றம் கேட்டால், எனாமலில் பிறப்பின்போது விழும் கோட்டை நுணுக்குக்காட்டியில் தேடலாம். அதற்குப் பல்லை வெட்ட வேண்டும், சாதாரண நுணுக்குக்காட்டியில் கோடு தெரியப் பிறந்து ஒரு கிழமை, இரண்டு கிழமையாவது உயிர் இருந்திருக்க வேண்டும். கோடு தெரியாததை வைத்து இறந்தே பிறந்தது என்று எழுதக்கூடாது.

8. ஓர் உதாரணம்

கீழ்த்தாடை ஒன்று. 36 முளைத்துக் கடிக்கும் மட்டத்தில், வேர் நீளம் வந்துவிட்டது, நுனி திறந்திருக்கிறது. நடு வெட்டும் பல்லின் வேர் முடியும் தறுவாயில். 37 (இரண்டாம் கடைவாய்ப்பல்) எலும்புக்குள், முடி பூர்த்தி, வேர் சற்றே தொடக்கம். பாற்கடைவாய்ப்பற்கள் இன்னும் இருக்கின்றன.

நடுப் புள்ளி எட்டு வயதளவில் விழும். அறிக்கையில் "எட்டு" என்று எழுதினால் பிழை. "ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில், கூடுதலாகப் பொருந்துவது எட்டு வயதளவு" என்று எழுதுங்கள். சிசுக்களில் இந்த இடைவெளி சில மாதங்களாகக் குறையும், பதின்ம வயதில் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் வரை விரியும்.

அதே பிள்ளையின் தொடை எலும்பை அளந்தால் ஆறு வயது என்று வரக்கூடும். பஞ்சமும் நோயும் எலும்பின் நீளத்தைத் தடுக்கும் அளவுக்குப் பல்லைத் தடுப்பதில்லை. பல்லை வயதாக எழுதுங்கள், எலும்புக் குறைவைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பிள்ளை எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதுவும் சாட்சி.

9. குடும்பம் தரும் வயதோடு ஒப்பிடுவது

இங்கேதான் நல்ல வேலை கெட்டுப்போகும்.

"ஏழு வயசு" என்றால் ஏழு முடிந்ததா, ஏழு நடந்ததா என்று கேளுங்கள். நம்மூரில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள், ஒரு வருடம் அதிலேயே போய்விடும். வயதைக் கணக்கிட வேண்டியது காணாமற்போன திகதிக்கு. முறைப்பாடு எழுதிய திகதிக்கு வைத்துக் கணித்த படிவங்கள் வரும், கவனியுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதியையும் பதிந்த திகதியையும் இரண்டையும் பாருங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் காலங்கடந்து பதிந்தவை அதிகம், அவற்றில் திகதி ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டிருக்கலாம். 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தில் பல வீடுகளின் கடதாசிகள் கடலோடு போய்விட்டன. அப்படியானால் பிரதேச செயலகப் பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, கிளினிக் அட்டை, கோயில் அல்லது தேவாலயக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் பல் அடைத்த பிள்ளையானால் அந்த அட்டை எல்லாவற்றையும்விடப் பெறுமதி.

தாயிடம் கேட்கும்போது இருத்தி, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேளுங்கள். "அம்மா, மகனுக்கு முன்பல்லு விழுந்திருந்ததா? கீழயா மேலயா? புதுப்பல்லு வந்திருந்ததா?" காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் "உம்மா" என்று தொடங்குங்கள். வயதை மறந்தவர்கூட எந்தப் பெருநாளில், எந்தத் திருவிழாவில் பல் விழுந்தது என்பதை மறப்பதில்லை. உங்கள் கணிப்பை அவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள். பதில் அதற்கேற்ப வளையும், அது அவருடைய குற்றமல்ல.

பல் வயது பொருந்தினால் "விலக்க முடியாது" என்று மட்டும் எழுதலாம். இன்னாருடைய பிள்ளை என்று சொல்லப் பல் வயது போதாது, அதற்கு மரபணுவோ தனித்துவமான பல் அடையாளமோ வேண்டும்.

10. அறிக்கையும் அதன் பிறகும்

அறிக்கையில் இருக்க வேண்டியவை: கிடைத்த பற்களின் எண்கள், கிடைக்காதவை, ஒவ்வொன்றின் நிலை, பாவித்த முறையின் பெயரும் ஆண்டும், வயதின் கீழ் எல்லையும் மேல் எல்லையும், பால் தீர்மானிக்கப்படவில்லை என்ற வரி. பல் நிலைகளை உங்களோடு இன்னொருவர் தனியாகப் பார்த்து எழுதட்டும், உங்கள் எண்களை அவருக்குக் காட்டாமல். இரண்டும் ஒத்துப்போகாத பற்களை ஒன்றாக இருந்து மறுபடி பாருங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் தோண்டிய நாளிலிருந்து அறிக்கைக்கு இரண்டு கிழமை நியாயமான காலம்: உலர மூன்று நாள், அடையாளம் காண இரண்டு நாள், எக்ஸ்ரே ஒரு நாள், இருவர் தனித்தனியே மதிப்பிட மூன்று நாள், மிச்சம் எழுத. மரபணு விடை வரும்வரை அறிக்கையைத் தாமதிக்க வேண்டாம், அதை இரண்டாவது அறிக்கையாகக் கொடுக்கலாம்.

எலும்பை ஒப்படைக்கும் கட்டளை வந்ததும் பற்களையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். சோதனைக்கு எடுத்த பல்லின் உறையில் மிஞ்சிய தூள்கூடப் பிள்ளையுடையதுதான். ஜனாஸாத் தொழுகையோ இறுதிக்கிரியையோ எந்த நாளில் என்று குடும்பத்தைக் கேட்டு, அதற்கு முதல் நாளே பொதி தயாராக இருக்கட்டும். எக்ஸ்ரே, படங்கள், எழுதிய தாள்கள் மட்டும் அலுவலகக் கோப்பில் நிற்கட்டும். பத்து வருடத்துக்குப் பிறகு இன்னொரு குடும்பம் வந்து கேட்கும்போது அவை தேவைப்படும்.